லண்டனுக்குப் புதுசா? நவம்பருக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

செப்டம்பரில் வந்து இறங்குபவர்களுக்கு முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியாது. சிம், வங்கிக் கணக்கு, அறை, வேலை என்று ஓட்டம்தான். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அங்கிருந்துதான் ஆரம்பம். டிசம்பர் நடுவில் காலை எட்டுக்கு விடிந்து மாலை நாலு அடிப்பதற்குள் இருட்டிவிடும். ஷிஃப்ட் வேலை என்றால் வெளிச்சத்தையே பார்க்காமல் ஒரு வாரம் போய்விடும். காரணமில்லாமல் அழுகை வருகிறது, லீவு நாளில் படுக்கையை விட்டு எழ முடியவில்லை என்றால், நமக்குத்தான் தைரியம் போதவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். மேகம் மூடியிருந்தாலும் சாப்பாட்டு இடைவேளையில் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். குளிர்காலத்தில் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கமே எல்லோருக்கும் சொல்கிறது, நம்மைப் போல் கருத்த தோல்காரர்களுக்கு வருடம் முழுக்கவே.

அடுத்தது போன். ஒரே அறையில் நாலு பேர் இருந்த காலத்தில், அம்மா வீடியோவில் வந்தால் சுவரில் படர்ந்த பூஞ்சை தெரியாத மூலையாகப் பார்த்து உட்காருவேன். "சாப்பிட்டியா?" "ம், சாம்பார் வெச்சேன்மா." அன்றைக்கும் பிரெட்தான். அம்மாவைக் கலங்கடிக்க வேண்டாம் என்று நினைத்தால் சரி, சொல்லாதீர்கள். ஆனால் தம்பியோ பழைய ரூம்மேட்டோ, யாராவது ஒருத்தருக்காவது அது சாம்பார் இல்லை, பிரெட் என்று தெரிந்திருக்க வேண்டும். நான் அதைச் செய்யாமல் ஒரு குளிர்காலம் முழுக்கக் கெட்டேன்.

வேலையிடத்தில் எதிரே வருபவர் "யூ ஆல்ரைட்?" என்பார். முகம் அவ்வளவு வாடியிருக்கிறதா என்று நான் கழிவறைக்குப் போய்க் கண்ணாடி பார்த்தேன்! அது இங்கே வணக்கம் மாதிரி, அவ்வளவுதான்.

வந்த வாரமே பக்கத்து ஜிபியிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், பதிந்துவிடுங்கள். இலவசம், முகவரிச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. பதிந்தபின், பேச்சு சிகிச்சைக்கு அவரைப் பார்க்காமலேயே என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் டாக்கிங் தெரபீஸ் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம் (இங்கிலாந்துக்குள் மட்டும்), தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம், அதற்கும் காசில்லை. காத்திருக்க நேரும், அதனால் முற்றவிடாதீர்கள். தாங்கவே முடியாத ராத்திரி என்றால் என்எச்எஸ் எண் 111-ஐ அழைத்து மனநல உதவிக்கு 2-ஐ அழுத்துங்கள், அல்லது சமாரிட்டன்ஸ் என்ற தொண்டு அமைப்பு, 116 123, எந்நேரமும் எடுப்பார்கள். உயிருக்கே ஆபத்தென்றால் 999.

கோவிலும் ஒரு வழிதான். நான் பெரிய பக்திமான் இல்லை, ஈஸ்ட் ஹாம் பக்கம் முருகன் கோவிலுக்குப் போனதே தமிழ் காதில் விழட்டும் என்றுதான். வரிசையில் முன்னால் நின்ற யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் திரும்பி, "தம்பி எவடம்?" என்றார். மதுரை என்றேன். "சாப்பிட்டாச்சோ?"

"இல்லக்கா" என்றேன்.