விமானி ஜாக்கெட்டும் கடற்காற்றும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்கு வெகு கீழே இறங்குவது அபூர்வம். இந்த ஊரில் உனக்கு எதற்குடா விமானி ஜாக்கெட் என்று கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. ஆனாலும் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையின் துணிக் குவியலில் எப்போதாவது ஒன்று மாட்டும். இல்லையென்றால் பாரீஸிலிருந்து வரும் மாமா ஒன்று கொண்டுவருவார். பதினோரு மாதம் பீரோவில் தூங்கும். ஊட்டிக்கோ டெல்லிக்கோ போகும்போது வெளியே வரும். தவறுகள் அந்தப் பீரோவிலேயே தொடங்கிவிடுகின்றன.

தோல் ஜாக்கெட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பதுதான் முதல் தவறு. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து எடுத்துப் பாருங்கள், தோள்பட்டை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூசணம் பிடித்திருக்கும். பதறிப்போய் மொட்டைமாடி வெயிலில் போட்டால் தோல் வறண்டு வெடிக்கும். நிழலில் காற்றாடப் போட்டு, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பிறகு அகலமான மர ஹேங்கரில் மாட்டி, பழைய பருத்தி வேட்டியால் மூடி வைக்கலாம். பித்தளை ஜிப்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் துடைத்துவிட்டு மெழுகுவத்தியால் தேயுங்கள். மணிக்கட்டிலும் இடுப்பிலும் உள்ள கம்பளிப் பின்னல் அந்துப்பூச்சிக்கு விருந்து. அந்துருண்டை வையுங்கள், தோலில் படாமல்.

அப்புறம் தேங்காய் எண்ணெய். தலைக்கு ஆவது தோலுக்கும் ஆகும் என்று ஒரு கை அள்ளித் தேய்த்துவிடுகிறோம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பது நம் ஊரில் நினைவுக்கே வராது. குளிர் ஊரில் போய் இறங்கியதும் தையல் இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திரண்டு நிற்கும். நாளாக ஆகக் காறல் வாடையும் வரும். தோலுக்கென்று விற்கும் கிரீம் துளியூண்டு போதும்.

சரி, குளிருக்கு வருவோம். விமானி ஜாக்கெட் என்றாலே கதகதப்பு என்று நினைப்பது தவறு. அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு 1931-இல் ஏற்றுக்கொண்ட ஏ-2 ஜாக்கெட், ஒரு அடுக்குத் தோலும் மெல்லிய உள்துணியும் மட்டும்தான். காற்றைத் தடுக்கும், சூட்டை நீங்கள்தான் உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு நேர் எதிர், 1934-இன் பி-3. ரோமத்தோடு கூடிய செம்மறித் தோல். வெப்பமூட்டும் வசதியில்லாத குண்டுவீச்சு விமானங்களில் 25,000 அடி உயரத்தில், மைனஸ் 40 டிகிரியில் உட்கார்ந்திருந்தவர்களுக்காகச் செய்தது. அதை மாட்டிக்கொண்டு தொட்டபெட்டாவில் ஏறினால் பாதி வழியிலேயே வியர்த்துக் கொட்டும். உள்ளே பருத்தி பனியன் வேறு இருந்தால், நின்றதும் அந்த ஈரமே உடம்பை நடுக்கும். மெல்லிய கம்பளி உள்ளாடைதான் சரி. கழுத்துக்கு அம்மாவின் மப்ளர் போதும், வெட்கப்படாதீர்கள்.

இந்த ஜாக்கெட்டுகள் குட்டையாக இருப்பதற்குக் காரணம், விமானி உட்கார்ந்தே இருப்பவர் என்பதுதான். அது தெரியாமல் ‘ஸ்வெட்டருக்கு இடம் வேண்டும்’ என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் இடுப்புப் பட்டை தொளதொளத்து, அடியிலிருந்து காற்று ஏறும். வாங்கும்போதே ஸ்வெட்டரோடு போட்டு, பட்டை இடுப்பைக் கவ்வுகிறதா என்று பாருங்கள்.

அலங்காரத்தில்தான் நான் அதிகம் சூடுபட்டேன், நிஜமாகவே. எம்ஏ-1 என்ற நைலான் விமானி ஜாக்கெட் ஒன்றில் ஒட்டும் பேட்ச்சை வைத்து இஸ்திரிப் பெட்டியை அழுத்தினேன். எண்ணிப் பத்து விநாடிகூட இல்லை. தூக்கிப் பார்த்தால் பேட்ச் ஒரு பக்கம் வழுக்கியிருக்கிறது, அதைச் சுற்றி நைலான் பளபளவென்று சுருங்கிக் கிடக்கிறது. நைலானில் பேட்ச்சைக் கையால் தைப்பதே உத்தமம்.

தோலில் கதை வேறு. ஊசி போட்ட துளை துணியில் மூடிக்கொள்ளும், தோலில் மூடாது. பிரித்துத் தைத்தால் இரட்டை வரிசைத் துளைதான். தையலும் நெருக்கமாக இருக்கக் கூடாது. தபால்தலை ஓரம்போல் கிழியும். 3, 4 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், தோலுக்கான ஊசி வேண்டும். தெருமுனை டெய்லரிடம் ‘ஜாக்கெட்டில் ஒரு பேட்ச் தைக்கணும்’ என்றேன். ‘அளவு ஜாக்கெட் கொண்டு வந்திருக்கீங்களா தம்பி?’ என்றார். தோல் பை நிறுவனமான ஹைடிசைன் 1978-இல் தொடங்கிய ஊர் இது, தோல் தைக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. பை தைப்பவரைத் தேடிப் போங்கள். முதுகில் ஓவியம் வரைவதாக இருந்தால் மேல்பூச்சை அசிட்டோனால் துடைத்துவிட்டு, தோலுக்கான அக்ரிலிக்கை மெல்லிய பூச்சுகளாகக் கொடுங்கள். எனாமல் மடிப்பில் வெடித்து உதிரும்.

பேட்ச் எது என்பதிலும் கவனம் வேண்டும். நம் விமானப்படையின் இறக்கைச் சின்னம், பதவிப் பட்டை எதையும் தைக்காதீர்கள். படைவீரர் என்று பிறர் நம்பட்டும் என்ற எண்ணத்தோடு அவற்றை அணிவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவின்படி குற்றம்; மூன்று மாதம் வரை சிறை. எத்தனையோ சின்னம் இருக்கிறது நம் ஊரிலேயே. என் எம்ஏ-1 நெஞ்சில் இப்போது 1836-இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது, கைத்தையலில். இஸ்திரித் தழும்பை மறைக்க அந்த அளவுதான் சரியாக வந்தது.