மாடல் ரயிலுக்குப் பலகையும் லேபிளும்: எதை 87-ஆல் வகுப்பது, எதை வகுக்கக் கூடாது

தண்டவாளம் போட்டு வண்டியும் ஓடத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். இனி பலகைகள். காட்சிக்குள் நிற்கும் பலகைகள் ஒரு வகை, மேசை விளிம்பில் நாம் படிக்க ஒட்டும் லேபிள்கள் இன்னொரு வகை. அளவுக் கணக்கு முதல் வகைக்கு மட்டும்தான்.

மும்பை மாட்டுங்கா ஃபிளாட்டில் நான் போட்டிருப்பது மும்பை–புனே வழியிலுள்ள கர்ஜத்–லோணாவளா மலைப்பாதை. எச்ஓ (HO) அளவு, 1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு.

1. வரைவது. முதலில் ஸ்டேஷன் பெயர்ப் பலகை. மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. மேலே மராத்தி, நடுவில் இந்தி, கீழே ஆங்கிலம், அதற்கும் கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம். கும்பகோணம் செய்கிறீர்கள் என்றால் மேல் வரி தமிழ். புகைப்படத்தை வெட்டி ஒட்டுவதைவிட இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் புதிதாக வரைந்துகொள்வது நல்லது. இலவசம், எழுத்தும் பிசிறடிக்காது. பலகையின் நிஜ அகலம் 3 மீட்டர் என்றால் 3000-ஐ 87-ஆல் வகுங்கள்: 34 மி.மீ. சொச்சம்.

2. அச்சிடுவது. எனக்கு அதிகம் தொல்லை கொடுத்தது இதுதான். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் கொடுத்தால் பெரும்பாலும் 'ஃபிட் டு பேஜ்' போட்டுவிடுவார்கள். தாள் கொஞ்சம் சுருங்கி வரும். பார்த்தால் தெரியாது, வெட்டி ஒட்டும்போதுதான் பலகை சட்டத்துக்குள் லொடலொடக்கும். 'ஆக்சுவல் சைஸ்' என்று சொல்லிக் கேளுங்கள், அதையும் நம்பாதீர்கள். தாளின் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. கோடு ஒன்று வரைந்து வையுங்கள். பிரிண்ட் வந்ததும் கடையிலேயே ஸ்கேல் வைத்து அளக்கவும். 97 இருந்தால் மறுபடி போடச் சொல்லுங்கள்.

லேசர் பிரிண்ட்தான் வேண்டும். இங்க்ஜெட் மை பசையின் ஈரம் பட்டாலே ஊறிவிடும், மும்பை மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

3. ஒட்டுவது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை பலகைக்குக் கச்சிதம். கால்களுக்கு எரிந்து முடிந்த ஊதுவத்திக் குச்சி. வெட்டிய விளிம்பில் வெள்ளைத் தாள் பல்லிளிக்கும். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவை விளிம்பில் ஒரு முறை ஓட்டினால் போதும். இதை விட்டவர்களின் பலகை ஸ்டிக்கர் மாதிரிதான் இருக்கும்.

4. சின்னப் பலகைகள். கடைசிப் பெட்டியின் பின்னால் மஞ்சள் எக்ஸ் குறி, மலையேற்றத்தில் '37-க்கு 1' (37 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம்) என்ற சரிவுப் பலகை, லெவல் கிராசிங்குக்கு முன்னால் ஹாரன் அடிக்கச் சொல்லும் டபிள்யூ/எல் பலகை. கடைசியானது நிஜத்தில் பொதுவாக 600 மீட்டர் முன்னால் நிற்கும். எச்ஓ-வில் அது கிட்டத்தட்ட 7 மீட்டர், என் ஹாலைத் தாண்டிவிடும்! கண்ணுக்குப் பொருந்தும் தூரத்தில் நட்டுவிடுங்கள். பலகையின் அளவை 87-ஆல் வகுக்கலாம், தூரத்தை வகுத்தால் வீடு போதாது.

5. விளிம்பு லேபிள். இங்கே அழகு வேண்டாம். நின்றபடி படிக்க முடிய வேண்டும், எழுத்தின் அளவில் 20 பாயிண்டுக்குக் குறையாதீர்கள். 'இடது, வலது' என்று எழுதாதீர்கள். மேசையின் எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு அது தலைகீழ். மும்பை நோக்கிப் போவது 'அப்', மும்பையை விட்டுப் போவது 'டவுன்'. மத்திய ரயில்வேயில் வழக்கம் இதுதான், நமக்கும் அதுவே வசதி. தண்டவாளம் பிரியும் பாயிண்டுகளுக்கு எண் கொடுத்து, அதே எண்ணை மேசைக்கு அடியில் வயரின் இரண்டு முனையிலும் போடவும். மாஸ்கிங் டேப் ஈரக்காற்றில் உரிந்து விழும். மும்பையின் மின்சாமான் கடைத்தெருவான லோஹார் சாலில் எண் அச்சிட்ட வயர் மார்க்கர் கிடைக்கும், விலையும் அதிகமில்லை.

பின்சேர்க்கை: எச்ஓ-வைவிடச் சிறிய 'N' அளவில் (1:160) செய்பவர்கள் எதால் வகுப்பது என்று கேட்டிருந்தார்கள். 160-ஆல் வகுங்கள். கடல் மட்ட உயர வரி அப்போது 1 மி.மீ.க்கும் கீழே போய்க் கறுப்புப் புழுதியாகிவிடும், அதற்குப் பதில் மெல்லிய கோடு ஒன்று போட்டால் போதும். யாரும் குனிந்து படிக்கப் போவதில்லை.