பச்சையான நீச்சல் குளத்தைக் காலி செய்யாமல் தெளிய வைப்பது எப்படி

குளம் பச்சையானதும் பலர் தண்ணீரை மொத்தமாக இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்பப் பார்ப்பார்கள். கடலோர ஊரில் அந்த வேலையே வேண்டாம். அங்கே நிலத்தடி நீர் பெரும்பாலும் மேலாகவே நிற்கும், மழைக்காலத்தில் இன்னும் ஏறும். உள்ளே இருக்கும் தண்ணீரின் எடைதான் தொட்டியை அழுத்திப் பிடித்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அடியிலிருந்து நீர் தள்ளும். ஃபைபர் தொட்டி மண்ணைவிட்டு எழும்பலாம், கான்கிரீட் தரை விரிசல் விடலாம்.

முதலில் பச்சை எதனால் என்று பாருங்கள். தண்ணீர் கலங்கி, சுவர் வழுக்கினால் பாசி. தரை பளிச்சென்று தெரிந்தும் குளோரின் போட்ட பிறகு நிறம் மட்டும் மாறினால் செம்போ இரும்போ இருக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீரில் இது சகஜம். அதற்கு மேலும் குளோரின் கொட்டினால் சுவரில் கறைதான் படியும்.

பாசி என்றால் கொள்ளளவைக் கணக்கிடுங்கள். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.5 மீட்டர் என்றால் 48,000 லிட்டர். குளோரினுக்கு முன் பிஎச்சை (தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு) 7.2-க்குக் கொண்டுவாருங்கள். குளோரின் 10 பிபிஎம்மை (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) தாண்டினால் பிஎச் சோதனை தப்பாகக் காட்டும் என்பதால் இந்த வரிசை முக்கியம். பிஎச் 8-ல் குளோரினின் வீரியம் வெகுவாகக் குறைந்துவிடும். பிஎச் கூடுதலாக இருந்தால், வாளித் தண்ணீரில் ஆசிட்டைக் கொஞ்சமாக ஊற்றிக் கலந்து (ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது) குளத்தில் விட்டு, மோட்டாரை ஓட்டி, மறுபடி சோதியுங்கள்.

சில மணி நேரம் கழித்து, வெயில் இறங்கியதும் குளோரின். மேலே சொன்ன குளத்தில் 10 பிபிஎம் ஏற்ற, 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் சுமார் 740 கிராம் வேண்டும். மலிவான பிளீச்சிங் பவுடரில் வீரியம் பாதிகூட இருக்காது, சுண்ணாம்பு வண்டலும் சேரும். குளோரின் மாத்திரை போடுபவர்கள், அதில் கலந்திருக்கும் ஸ்டெபிலைசர் (சயனூரிக் அமிலம்) தண்ணீரில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். அது 30 முதல் 50 பிபிஎம் இருந்தால் வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும். கூடிப்போனால் குளோரினையே மந்தமாக்கிவிடும், பிறகு எவ்வளவு போட்டாலும் பாசி அசையாது. எச்சரிக்கை: மாத்திரையும் ஹைப்போகுளோரைட்டும் ஒன்றோடொன்று பட்டால் தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். இரண்டுக்கும் ஒரே கரண்டி கூடாது. ஆசிட்டும் குளோரினும் சேர்ந்தால் விஷவாயு.

பிறகு சுவர், படி, ஏணிக்குப் பின்புறம் எல்லாம் பிரஷால் தேய்க்க வேண்டும். பலர் விட்டுவிடும் வேலை இதுதான். பாசியின் மேலேடு உடையாமல் குளோரின் உள்ளே போகாது. ஃபில்டர் 24 மணி நேரமும் ஓடட்டும். அழுத்தமானி சுத்தமான நிலையைவிட 0.5 பார் கூடினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டி ஃபில்டரைக் கழுவுவது. மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் வால்வைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கேஸ்கெட் போய்விடும். பேக்வாஷில் குறையும் தண்ணீரை உடனே நிரப்புங்கள்.

பச்சை சாம்பலாகி, பிறகு வெள்ளைக் கலங்கலாகும். பாசி செத்துவிட்டது என்று பொருள். அதுவரை தினமும் சோதித்து, குளோரின் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவைச் சேர்த்துக்கொண்டே இருங்கள். இரவில் அளந்ததற்கும் விடியுமுன் அளந்ததற்கும் 1 பிபிஎம்முக்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால் வேலை முடிந்தது. குளோரின் 3 பிபிஎம்முக்கு இறங்கிய பின் குளிக்கலாம். பொதுக் குளமானால் ஆழமான பகுதியின் அடி வடிகால் மூடி கரையிலிருந்தே தெளிவாகத் தெரியும்வரை யாரையும் இறக்காதீர்கள். கலங்கிய நீரில் மூழ்குபவர் கண்ணில் படமாட்டார்.