கிட்டில் சிக்கிய அமேசான் சாவி: ஹட்டனில் சரிசெய்த விதம்

தேயிலைக் கொழுந்து நிறுவையை மடுவத்திலிருந்தே (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) பதியும் செயலி. அதன் கோடில் ஏ-கே-ஐ-ஏ என்று தொடங்கும் 20 எழுத்து அமேசான் கிளவுட் சாவி அப்படியே கிடந்தது, அதுவும் யாரும் பார்க்கக்கூடிய பொது ரெப்போவில் (கிட்டில் கோடு வைக்கும் இடம்).

அந்த வரியை அழித்து மறுபடி புஷ் செய்வது வீண்வேலை. கிட் சேமித்து வைத்திருக்கும் பழைய கமிட்டில், அதாவது கோடின் முந்தைய நிலையில், சாவி இருக்கும். முதலில் பயனர்களையும் அனுமதிகளையும் நிர்வகிக்கும் அமேசானின் ஐஏஎம் பக்கத்தில் சாவியை 'இன்ஆக்டிவ்' ஆக்குங்கள். நிறுவை பதிவு கொஞ்ச நேரம் நிற்கும், நிற்கட்டும். அதுவரை கணக்கப்பிள்ளையின் கொப்பி இருக்கிறது.

அடுத்து கிளவுட்ட்ரெயில், அதாவது கணக்கில் யார் என்ன செய்தார் என்று அமேசான் எழுதி வைக்கும் பதிவேடு. கடைசி 90 நாள் பதிவை அந்தச் சாவியை வைத்துத் தேடலாம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: பட்டியல் ரீஜனுக்கு ரீஜன் (அமேசான் சர்வர்கள் இருக்கும் பிராந்தியம்) தனி. நாங்கள் பாவிப்பது மும்பை மட்டும் என்றாலும் எல்லா ரீஜனிலும் தெரியாத சர்வர் ஓடுகிறதா, புதிய ஐஏஎம் பயனர் முளைத்திருக்கிறாரா என்று பார்த்தோம். கிட் வரலாற்றைச் சுத்தம் செய்வது கடைசி வேலை.

நிரந்தரத் தீர்வு, சாவியே வைக்காதது. கோடைத் தானாகச் சோதித்து சர்வரில் ஏற்றும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் இப்போது ஓஐடிசி (நிலையான சாவி இல்லாமல் டோக்கனால் அடையாளத்தை நிரூபிக்கும் முறை) வழியாக ஒரு மணி நேரத் தற்காலிக அனுமதி வாங்குகிறது. அந்த அனுமதியைத் தரும் ரோலை யார் எடுக்கலாம் என்று சொல்லும் டிரஸ்ட் பாலிசியில், கேட்பது எது என்று பார்க்கும் 'சப்' நிபந்தனையை ரெப்போ, பிராஞ்ச் பெயரோடு இறுக்கிக் கட்டுங்கள். அங்கே எதையும் ஏற்கும் நட்சத்திரக்குறி போட்டு வைத்தால் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்த மாதிரி.

கமிட்டுக்கு முன், கோடில் சாவி போன்ற ரகசியங்களைத் தேடும் கிட்லீக்ஸ் ஓடுகிறது. அதை '--நோ-வெரிஃபை' போட்டுத் தாண்டலாம் என்பதால் பைப்லைனிலும் அதே சோதனை உண்டு.