ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு வீட்டுத் தொழில்: நான் செய்து முடித்த தவறுகள்

ஆட்டிசம் உள்ள ஆறு வயது மகளை வளர்க்கும் ஒருவர், வீட்டிலேயே தொழில் தொடங்குவது குறித்து யோசனை கேட்டு, சென்ற மாதம் என்னிடம் வந்திருந்தார். எழுதி வைத்திருந்த திட்டத்தை அவர் வாசிக்க வாசிக்க, 11 ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய தாளையே யாரோ தேடி எடுத்து வாசிப்பதுபோல் இருந்தது. மகள் பள்ளியில் இருக்கும் 5 மணி நேரமும் முழு வேலை நேரம். அவள் தனியாக விளையாடும் பொழுதெல்லாம் உபரி வேலை நேரம். அவள் விரும்பிச் செய்யும் களிமண் உருவங்களே முதல் விற்பனைப் பொருள். மூன்றாவது வரியில் நான் குறுக்கிட்டுவிட்டேன். சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன் என்று அவர் போன பிறகு தோன்றியது.

கையால் தைத்துக் கட்டும் நோட்டுப் புத்தகங்களை வீட்டிலிருந்தபடி செய்து விற்பது என் தொழில். தொடங்கியபோது மகனுக்கு 4 வயது, இப்போது 15. வீட்டுப் பணத்தையும் தொழில் பணத்தையும் கலக்கக் கூடாது, கடனுக்குச் சரக்குக் கொடுக்கக் கூடாது என்பன போன்றவற்றை யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

## நல்ல நாளை வைத்துத் தேதி கொடுப்பது

இடையூறு எதுவும் இல்லாத ஒரு நாளில் என்னால் 12 நோட்டுகளைக் கட்டி முடிக்க முடியும். முதல் இரண்டு ஆண்டுகளும் வாடிக்கையாளர்களுக்கு நான் சொன்ன தேதிகள் எல்லாம் இந்த 12 என்ற எண்ணிலிருந்தே பிறந்தன. ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் தூக்கச் சிக்கல் மிகப் பரவலாகக் காணப்படுகிறது. என் மகனும் இரவு 2 மணிக்கு விழித்தால் விடியும்வரை வீடெங்கும் நடப்பான். மறுநாள் காலை ஊசி பிடிக்கும் கைக்கு அந்த இரவு நன்றாகவே நினைவிருக்கும். இவற்றோடு, பள்ளியில் ஆசிரியர் மாறியிருப்பார். 11 மணிக்கே வந்து அழைத்துப் போகச் சொல்லித் தொலைபேசி வரும்.

ஒரு கட்டத்தில், 6 வாரங்கள் தொடர்ந்து ஒவ்வொரு நாளும் எத்தனை நோட்டுகள் உண்மையில் முடிந்தன என்பதைக் குறித்து வைத்தேன். நாளொன்றுக்குச் சராசரி 5. மிக மோசமான வாரத்தில் ஏழு நாட்களுக்கும் சேர்த்து 11, அதாவது ஒரு நல்ல நாளின் கணக்கைவிடக் குறைவு. அன்றிலிருந்து வாரத்துக்கு 11 என்று வைத்துக்கொண்டே தேதி கொடுக்கிறேன். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவர்கள் வேறு இடம் பார்க்கிறார்கள். போகிறவர்களால் வரும் நட்டம், ஏமாந்து கோபித்துக்கொண்டவர்களால் வந்த நட்டத்தைவிடச் சிறியதாகவே இருக்கிறது. தொடங்கும் முன்பே இப்படி ஒரு 6 வாரக் குறிப்பை எழுதிப் பாருங்கள். பொருள் எதுவும் செய்யத் தேவையில்லை. இடையூறின்றி உட்கார முடிந்த நிமிடங்களைக் குறித்தாலே போதும்.

## அமைதியை வேலை நேரமாக எண்ணுவது

அடுத்த அறையிலிருந்து சத்தம் வரவில்லை என்றால் பிள்ளை ஏதோ ஒன்றில் மூழ்கியிருக்கிறான் என்று நம்புவது எளிது. ஒருநாள் அப்படி நம்பி 20 நிமிடங்கள் அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவன் கட்டடத்தின் மேல்மாடிப் படிகளில் உட்கார்ந்து, படிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தான். அமெரிக்காவின் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆட்டிசம் உள்ள 1,218 பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்டறிந்தது. 4 வயதுக்குப் பிறகு ஒரு முறையேனும் பிள்ளை வெளியேறிச் செல்ல முயன்றதாகச் சொன்னவர்கள் 49 சதவீதம். அந்தக் கணக்கில் எங்கள் வீடும் சேர்த்திதான் என்பதைப் படிக்கட்டில் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும், திறந்தால் ஒலிக்கும் சிறு கருவியும் பொருத்தியது ஒரு பகுதி. வேலையைப் பிரித்துக்கொண்டது மறுபகுதி. தாள் மடிப்பது, நூலுக்கு மெழுகு பூசுவது, எண்ணி அடுக்குவது ஆகியவற்றை எந்த நொடியிலும் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடலாம். அவற்றை மட்டுமே நான் தனியாக அவனோடு இருக்கும்போது செய்கிறேன். வெட்டுவதும் பசை தடவுவதும் அப்படி நிறுத்தக்கூடியவை அல்ல, ஆகையால் பொறுப்பேற்க இன்னொரு பெரியவர் வீட்டில் இருந்தால்தான் வெட்டுக் கத்தி வெளியே வரும். உங்கள் தொழில் எதுவாக இருந்தாலும் அதில் இந்த இரண்டு வகை வேலைகளும் இருக்கும். இரண்டாவது வகை மட்டுமே இருக்குமானால் வேறு தொழிலைப் பற்றி யோசிப்பது நல்லது.

## கதவு மணி

கழற்றிவிடுங்கள், சரக்கு எடுக்க வருபவர்கள் கைபேசியில் அழைத்துக்கொள்வார்கள்.

## பிள்ளையின் ஆர்வத்தை விற்பனைப் பொருளாக்குவது

மற்ற தவறுகளைப் பற்றி இப்போது என்னால் சிரித்துக்கொண்டே பேச முடிகிறது. இதைப் பற்றி முடியவில்லை, ஏனென்றால் இதை ஒருவரும் தவறு என்றே சொல்வதில்லை, கைதட்டிப் பாராட்டுகிறார்கள்.

9 வயதில் என் மகன் படிக்கட்டுகளை வரைந்துகொண்டிருந்தான். பக்கவாட்டுத் தோற்றம், கறுப்பு மை, எப்போதும் 13 படிகள். பள்ளியிலிருந்து வந்ததும் என் வேலை மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வரைவான். நான் இந்த முனையில் தைத்துக்கொண்டிருப்பேன். அந்த இரண்டு மணி நேரம்தான் என் தொழிலைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு படத்தை ஸ்கேன் செய்து 30 நோட்டுகளின் அட்டையில் அச்சிட்டேன். ஒரே வாரத்தில் அனைத்தும் விற்றுப்போயின. அதுவரை நான் செய்த எதுவும் அவ்வளவு வேகமாகப் போனதில்லை. வாங்கியவர்கள் நீல நிறத்தில் கேட்டார்கள், படியில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். பிறகு ஒரு நிறுவனம், தன் பத்தாம் ஆண்டு நிறைவுக்காக 60 நோட்டுகளுக்கு முன்பணம் கொடுத்தது. ஆண்டுக்கு ஒன்றாக 10 படிகள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன ஒரே மாற்றம். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நியாயமாகத்தான் கேட்டார்கள்.

பென்சிலால் 10 கோடுகள் குறித்த தாளை அவன் முன் வைத்தேன். பத்தையும் வரைந்துவிட்டு, அதற்கு மேல் மூன்றைச் சேர்த்தான். அடுத்த தாளில், பத்தாவது படி முடிந்த இடத்தை என் கையால் மூடிக்கொண்டேன். என் விரல்களின் மேலேயே வரைந்தான். மூன்றாவது தாளைக் கிழித்தான். மறுநாளும் முயன்றேன், அதற்கு மறுநாளும் முயன்றேன். நான்காம் நாள் அவன் பேனாவைத் தொடவில்லை. அதன் பிறகு ஏழு மாதங்கள் தொடவில்லை.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும், அவர்கள் கேட்ட அளவுக்கு வெட்டிவைத்த தாள் வேறு எதற்கும் உதவாமல் போனதும் சிறிய நட்டங்கள். வரையாத மாலைகளை எங்களால் கடக்க முடியவில்லை. பள்ளியில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வீட்டுக்குள் நுழைந்ததும் மெல்ட்டவுனாக வெடித்தது. மெல்ட்டவுன் என்பது அடம்பிடிப்பு அன்று, கேட்டதைக் கொடுத்தால் அது நிற்பதில்லை. தாங்க முடியாத அளவுக்கு நிரம்பிவிட்ட நரம்பு மண்டலம் தானாக அடங்கும்வரை உடனிருக்கத்தான் முடியும். வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது தையல் நின்றுபோனது. முப்பது வாரங்களுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 300 மணி நேரம், ஓர் அறுபது நோட்டு ஆர்டருக்காக.

ஆட்டிசத்தை விரிவாக விவரித்த முன்னோடிகளுள் ஒருவரான உளமருத்துவர் லியோ கானர், 1943-இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, எதுவும் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்ற தவிப்பைக் குறிப்பிட்டிருக்கிறார். 2005-இல் டைனா மரே, மைக் லெசர், வென் லாசன் ஆகிய மூவர் முன்வைத்த விளக்கம் எனக்கு இன்னும் நெருக்கமாகப் பட்டது. ஆட்டிசம் உள்ளவர்களின் கவனம் பல திசைகளில் சிதறாமல் ஒரு சில தடங்களில் ஆழமாகப் பாய்கிறது என்பது அவர்கள் கருத்து. இதைப் படித்த பிறகே, நான் திறமை என்றும் பொழுதுபோக்கு என்றும் நினைத்திருந்தது, அவன் ஒரு நாளின் சுமையை இறக்கி வைக்கும் வழியாக இருந்தது எனப் புரிந்தது. பதின்மூன்றாவது படியை வரைந்தால்தான் அவனுக்கு அந்த நாள் முடியும். நான் பத்தாவது படியில் கையை வைத்து மறித்திருக்கிறேன்.

அவனைக் கேட்டுத்தான் செய்தேன் என்று அப்போது எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். "விற்கலாமா?" என்றேன், "விற்கலாம்" என்றான். ஏழு மாத மௌனத்தின் நடுவே, அவனுடைய பேச்சுப் பயிற்சியாளர் என் கேள்வியை வேறு வடிவில் கேட்டுக் காட்டினார். "விற்கலாமா, வேண்டாமா?" என்றதற்கு "வேண்டாமா" என்று பதில் வந்தது. சற்று நேரம் கழித்து "வேண்டாமா, விற்கலாமா?" என்றதற்கு "விற்கலாமா" என்று வந்தது. கேட்ட சொல்லைத் திருப்பிச் சொல்வதே ஆமோதிப்பாக அமைவதையும் கானர் அதே கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அச்சில் இருக்கும் செய்தியை நான் என் வீட்டில் ஒப்புதல் கடிதமாக எடுத்துக்கொண்டேன். திருப்பிச் சொல்லும் பேச்செல்லாம் பொருளற்றது என்று இதற்கு அர்த்தமில்லை. பல பிள்ளைகள் அதன் வழியாகவே தங்கள் கருத்தைத் தெரிவிக்கிறார்கள். அதனாலேயே, வாயால் வரும் விடையை உறுதிப்படுத்திக்கொள்ள இரண்டாவது வழி ஒன்று வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பெட்டிகள் உள்ளன. ஒன்றின் மேல் அவனுடைய அறைச் சுவரின் படமும், மற்றதன் மேல் விற்பனைக்குச் செல்லும் நோட்டுகளின் படமும் ஒட்டியிருக்கின்றன. வரைந்து முடித்த தாளை எதில் போடுவது என்பதை அவனே முடிவு செய்கிறான். எதிலும் போடாமல் எடுத்துச் செல்வதும் உண்டு. மீண்டும் வரையத் தொடங்கிய இந்த ஐந்து ஆண்டுகளில் விற்பனைப் பெட்டிக்கு வந்தவை நான்கே நான்கு. அந்த நான்கால் வந்த பணம் அவன் பெயரில் தனிக் கணக்கில் இருக்கிறது. கேட்டு வாங்கும் ஆர்டருக்கு அவனுடைய படத்தை நான் ஏற்பதில்லை.

தம் ஆழ்ந்த ஆர்வத்தையே தொழிலாக்கி மகிழ்ச்சியாக வாழும் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று உடனே சொல்வார்கள். இருக்கிறார்கள்தான், அவர்கள் தாங்களாகத் தேர்ந்தெடுத்தவர்கள், விலையையும் தேதியையும் தாங்களே சொல்பவர்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் படத்துக்குப் பெற்றோர் தேதி கொடுப்பதை அதனோடு ஒப்பிடும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. "இவ்வளவு திறமையை வீணாக்குகிறீர்களே" என்று இன்றைக்கும் என்னிடம் சொல்கிறார்கள். அந்தக் களிமண் உருவங்களின் தந்தையும் புறப்படும்போது ஏறக்குறைய அதையேதான் சொன்னார்.

## ஒதுங்கும் மூலையில் வேலை மேசை போடுவது

வீட்டிலேயே அமைதியான, வெளிச்சமான மூலை எதுவென்று தேடி அங்கே மேசையைப் போட்டேன். அவனும் அதே காரணங்களுக்காகவே அந்த மூலையை ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்தான். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு நோயறிதல் கையேட்டில், ஒலி, மணம், தொடுதல் போன்றவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக இடம்பெற்றது. நமக்கு வெறும் பசை நாற்றமாகத் தெரிவது அவர்களுக்கு அந்த அறையையே விட்டு வெளியேற்றும் தாக்குதலாக இருக்கலாம். மேசை இப்போது புழங்கும் அறையின் ஓரத்துக்கு வந்துவிட்டது. காரமான பசையை விட்டுவிட்டு மாவுப் பசைக்கு மாறினேன். அது காய்வதற்கு ஓர் இரவு ஆகிறது.

## தாமதத்துக்குப் பிள்ளையைக் காரணம் சொல்வது

புதிய தேதியை மட்டும் சொல்லுங்கள்.

## "இன்னும் ஐந்து நிமிடம்"

நான் சொல்லும் ஐந்து நிமிடம் சில நாட்களில் நான்காகவும் சில நாட்களில் நாற்பதாகவும் இருந்தது. சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் பிள்ளை, அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை என்று சீக்கிரமே கற்றுக்கொண்டான். பிறகு நான் உண்மையிலேயே ஐந்து நிமிடத்தில் வரும் நாட்களிலும் அவனால் காத்திருக்க முடியவில்லை. 1972-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் மாநிலத் திட்டமாகத் தொடங்கிய, ஆட்டிசம் உள்ளவர்களுக்கான 'டீச்' (TEACCH) முறை, அடுத்தடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதைக் கண்ணால் பார்க்கும்படி அட்டவணையாக வைப்பதை வலியுறுத்துகிறது. எங்கள் சுவரிலும் அப்படிப் பட அட்டவணை ஒன்று இருந்தது. குளியல், உணவு, பள்ளி எல்லாம் அதில் உண்டு. என் வேலை மட்டும் இல்லை. அவன் பார்வையில் என் வேலை எங்கிருந்தோ திடீரென்று வந்து என்னை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

இப்போது என் தையல் சட்டத்தின் படம் அந்த வரிசையில் இருக்கிறது. அதற்கு அடுத்து, நாங்கள் சேர்ந்து செய்யப்போகும் ஒன்றின் படம் இருக்கிறது. மேசையில் ஒரு மணல் கடிகாரம். மணல் தீர்ந்தால், ஊசி தாளுக்குள் பாதி நுழைந்திருந்தாலும் விட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். இப்படி எழுந்ததால் வீணாகும் பொருளுக்குக் கணக்குப் புத்தகத்தில் தனிப் பத்தி ஒன்று போட்டிருக்கிறேன். சென்ற மாதம் அதில் இரண்டு அட்டைகள்.