உதட்டில் தங்கிய ஃபில்லரைக் கரைத்தது எப்படி? – என் அனுபவம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் அழகு நிலையத்தில் உதட்டைப் பருமனாகக் காட்டும் ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டேன். ஆறு மாதத்தில் தானே கரைந்துவிடும் என்றார்கள். கரையவில்லை. அதன்மேல் இன்னும் இரண்டு முறை போட்டுக்கொண்டதுதான் நான் செய்த தவறு. மேலுதட்டின் விளிம்பு மங்கி, மூக்குக்குக் கீழே மேடு தட்டியது. வலப்பக்கம் உளுந்து அளவில் ஒரு கட்டி. காபி டம்ளரை வாயில் வைக்கும்போதெல்லாம் இடறும்.

தேய்த்துவிட்டால் போகும் என்றார்கள். ஒரு மாதம் தேய்த்தேன், பலனில்லை.

தோல் மருத்துவர் முதலில் கேட்டது, "எந்த மருந்து போட்டார்கள்?" என்பதுதான். மருந்துப் பெட்டியின் லேபிளைப் படம் எடுத்து வைத்திருந்தேன்: ஹயலூரானிக் அமிலம். அதை ஹயலூரானிடேஸ் என்ற நொதி கரைக்கும். சிலிகான் ஃபில்லராக இருந்தால் அது தொடாது. அதனால் அந்த லேபிளைத் தயவுசெய்து கேட்டு வாங்கி வையுங்கள்.

அல்ட்ராசவுண்டில் மருந்து ஒதுங்கிய இடத்தைப் பார்த்தார். தேனீ கொட்டி ஒவ்வாமை வந்ததுண்டா என்று விசாரித்து, முன்கையில் சோதனை ஊசி போட்டு அரை மணி நேரம் உட்கார வைத்தார். பிறகு உதட்டில் போட்டார். நன்றாக எரிந்தது. அன்று மாலை வீங்கி, இரண்டாம் நாள் வடிந்தது. கட்டி இளகியது, இரண்டு வாரம் கழித்து மறுமுறை போட்ட பிறகே முழுவதும் மறைந்தது.

ஃபில்லர் போட்டவுடன் உதடு வெளுத்துக் கடுமையாக வலித்தால், இப்படி நாள் கடத்தாதீர்கள். இரத்தக்குழாய் அடைத்திருக்கலாம், அந்த நிமிடமே மருத்துவரிடம் போய்விடுங்கள்.