பேக்கப் சேமிப்பகம் நிரம்பும்போது செய்யக்கூடாதவை

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தின் சர்வர் அறை. வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, பேக்கப் சேமிப்பகம் 97 விழுக்காடு நிரம்பிவிட்டதாக எச்சரிக்கை வந்தது. மறுநாள் தங்கை வீட்டில் விசேஷம், எனக்கோ அவசரம். கோப்புகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். ஐந்து வாரப் பழையது ஒன்று மட்டும் 2 டெராபைட் இருந்தது. பிந்தியவை எல்லாம் இருபது, முப்பது கிகாபைட். பெரியதாகவும் பழையதாகவும் இருந்ததை நீக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை, கணக்குப் பிரிவின் மெய்நிகர் கணினியிலிருந்து (சர்வருக்குள் மென்பொருளாகவே ஓடும் கணினி அது) ஒரு கோப்பை மீட்டுத் தரச் சொன்னார்கள். பட்டியலில் முப்பத்து நான்கு நாள் பேக்கப் இருந்தது. ஒன்றுகூடத் திறக்கவில்லை.

நான் நீக்கியது முழு பேக்கப். அதற்குப் பின் தினமும் எழுதப்பட்ட சிறிய கோப்புகளில் அன்றன்று மாறிய பகுதிகள் மட்டுமே இருக்கும். தலையை வெட்டிவிட்டு உடல் நடக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறேன். முழு பேக்கப்பை ஒருமுறை எடுத்துவிட்டு மாற்றங்களை மட்டும் தொடர்ந்து சேர்க்கும் முறையில், தேதியில் மிகப் பழைய கோப்புதான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். எதை நீக்கலாம் என்பதை மென்பொருள் முடிவு செய்யட்டும். தக்கவைக்கும் நாள்களைக் குறைத்தால் அதுவே, முழு பேக்கப்பும் அதைத் தொடரும் சிறியவையும் சேர்ந்த சங்கிலி அறுபடாமல் சுருக்கிக்கொள்ளும். ஆனால் அந்தச் சுருக்கும் வேலைக்கும் கொஞ்சம் காலி இடம் தேவை. அதனால் 97 வரை காத்திருக்காமல் 80ஐத் தொடும்போதே கவனிப்பது நல்லது.

அடுத்த தவறு, பேக்கப் கோப்புகளைக் கல்யாணப் படங்களைப் போல இழுத்துப் போட்டு நகலெடுப்பது. ரீஎஃப்எஸ் (ReFS), எக்ஸ்எஃப்எஸ் (XFS) போன்ற கோப்பு முறைமைகளில், அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கும் முறைகளில், வீம் (Veeam) என்ற பேக்கப் மென்பொருள் எழுதும்போது, ஒரே தரவுப் பகுதியைப் பல முழு பேக்கப்புகள் பகிர்ந்துகொள்ள முடியும். கூட்டுக் குடும்பத்தில் ஒரே அரிசிப் பானை மாதிரி. சாதாரண முறையில் நகலெடுத்தால் ஒவ்வொரு கோப்பும் தனிக்குடித்தனம் போகிறது, ஆளுக்கொரு பானை வேண்டியிருக்கிறது. ஒரு வாடிக்கையாளரிடம் வட்டில் 9 டெராபைட் பிடித்திருந்த கோப்புகளின் அளவுகளைக் கூட்டிப் பார்த்தால் 31 டெராபைட் வந்தது. அவர்கள் வாங்கி வைத்திருந்த புதிய நாஸ் (NAS, நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) 16 டெராபைட். வாங்குவதற்கு முன் அந்தக் கூட்டலை யாரும் போடவில்லை.

2023இல் வந்த வீம் 12ஆம் பதிப்பில் பேக்கப்பை நகர்த்த தனி வசதியே இருக்கிறது. இரு பக்கமும் இப்படிப் பகிரும் கோப்பு முறைமையாக இருந்தால் இடச் சேமிப்பு கலையாமல் கொண்டுபோகும். எக்ஸ்எஃப்எஸ் என்றால், பார்மட் செய்யும்போதே, இப்படிப் பகிர உதவும் ரீஃப்லிங்க் (reflink) வசதி இயக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தரவை நிரப்பிய பிறகு பார்த்துப் பயனில்லை.

பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் (Proxmox Backup Server) என்ற இன்னொரு மென்பொருளை வைத்திருப்போருக்கு வேறு வகைத் தலைவலி. பழைய பேக்கப்புகளை நீக்கிய என் இளைய சக ஊழியர் சற்று நேரத்தில் வந்து, “அண்ணே, பத்து நாள் பேக்கப்பை நீக்கியும் ஒரு கிகாபைட்கூடக் குறையவில்லையே?” என்றார். குறையாது. அங்கே நீக்கப்படுவது அட்டவணைதான். தரவுத் துண்டுகள் அப்படியே கிடக்கும். கழிவு அகற்றும் பணி ஓடினால்தான் இடம் திரும்பும். அதுவும், வழக்கமான அமைப்பில், கடைசியாகத் தொடப்பட்டு 24 மணி 5 நிமிடம் கடந்த துண்டுகளையே தூக்கும். இதை அறியாதவர்கள் பதற்றத்தில் துண்டுகள் இருக்கும் கோப்புறைக்குள் புகுந்து கையாலேயே அழிக்கிறார்கள். ஒரே துண்டை ஏழெட்டு மெய்நிகர் கணினிகள் பகிர்ந்துகொண்டிருக்கலாம், எல்லாம் ஒரே வீச்சில் போகும். புதிய இடத்துக்குக் கொண்டுபோக அந்த மென்பொருளின் ஒத்திசைவுப் பணி போதும்.

நேரக் கணக்கிலும் ஏமாறுகிறோம். 1 கிகாபிட் இணைப்பில் நடைமுறையில் விநாடிக்குச் சுமார் 110 மெகாபைட் போகும். 20 டெராபைட்டுக்கு ஏறத்தாழ 50 மணி நேரம். சீனப் புத்தாண்டின் இரண்டு நாள் விடுமுறையில் முடித்துவிடலாம் என்று மேலாளரிடம் வாக்குக் கொடுத்தவர் மூன்றாம் நாள் காலையில் என்ன சொல்வார்? இதற்கிடையே இரவு பதினொரு மணிக்கு வழக்கமான பேக்கப் தானாகத் தொடங்கி, நகலாகிக்கொண்டிருக்கும் சங்கிலியிலேயே எழுதும். முதலில் அதை நிறுத்திவையுங்கள்.

உண்மையில், பாதி நேரம் நகர்த்தவே தேவையில்லை. புதிய சேமிப்பகத்தில் புதிய முழு பேக்கப்பைத் தொடங்கிவிட்டு, பழையதை அங்கேயே காலாவதியாக விடலாம். ஒரு மாதம் இரண்டு பெட்டிகளுக்கும் மின்கட்டணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். பழைய சங்கிலி தானாக அழியும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். அதை நீக்க வேண்டிய நாளை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

சேமிப்பகத்தின் பாதை மாறினால், பழைய பாதையை நம்பி ஓடும் ஸ்கிரிப்டுகளையும் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்புகள்) தேடிப் பிடிக்க வேண்டும். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கணினியில் 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது. பழைய பதிவுக் கோப்புகளைத் துடைக்கும் பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதிய பதிப்பை ஏற்றியதுதான் காரணம். அங்கேயே அப்படி என்றால், நம் அலுவலகத்தில் என்றோ யாரோ எழுதிவைத்துப் போன நீக்கும் கட்டளையை ஒருமுறை படித்துப் பார்ப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

நகலெடுத்து முடித்ததும் பச்சை அடையாளத்தைப் பார்த்து எழுந்துவிடாதீர்கள். ஒரு மெய்நிகர் கணினியை மீட்டு, இயக்கி, உள்நுழைந்து பாருங்கள். மறையாக்கம் செய்த பேக்கப் என்றால் கடவுச்சொல் கையில் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியவரும். மீட்டதை இயக்கும் முன் அதன் நெட்வொர்க்கைத் துண்டிக்க வேண்டும். நான் ஒருமுறை மறந்ததில், ஒரே ஐபி முகவரியோடு இரண்டு கணக்கு சர்வர்கள் அலுவலகத்தில் அரை மணி நேரம் சண்டையிட்டன.

கடைசியாக, காலியான பழைய வட்டுகள். அவற்றில் ஊழியர்களின் சம்பளப் பட்டியலும் அடையாள அட்டை எண்களும் இருக்கும். தனிப்பட்ட தரவைப் பாதுகாக்கும் பொறுப்பை 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனத்தின் மீதே வைக்கிறது. பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டால் அது தீராது. என் மேசை இழுப்பறையில் இப்போது நான்கு வட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருக்கிறேன். அந்தத் தேதி வந்ததும், புதிய இடத்திலிருந்து இன்னொரு முறை மீட்டுப் பார்த்துவிட்டு, அழிப்பதற்குக் கொடுப்பேன்.